ஃபஸி லாஜிக், நியூரல் நெட்வொர்க் பாடப் புத்தகங்கள்: தரம் பார்த்து எடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளில் ஃபஸி லாஜிக்கும் (ஆம், இல்லை இரண்டுக்கும் நடுவே உள்ள அளவுகளையும் கணக்கில் எடுக்கும் முறை) நியூரல் நெட்வொர்க்கும் (மூளை நரம்பணுக்களைப் போல இணைத்த சின்னச் சின்ன கணக்கு அலகுகள் தரவிலிருந்து கற்கும் முறை) பல இடங்களில் ஒரே பேப்பராக வருகின்றன. எலெக்டிவ் எடுத்தவர்கள், எம்.இ. படிப்பவர்கள், வேலையில் இருந்துகொண்டே சொந்தமாகப் படிப்பவர்கள், முதல் முறையாக இந்தப் பாடம் எடுக்கப்போகும் இளம் ஆசிரியர்கள் எனப் பலரும் கேட்பது ஒன்றைத்தான்: எந்தப் புத்தகத்தை நம்பலாம்? இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அட்டை, பக்க எண்ணிக்கை, ஆசிரியர் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்கள் இவற்றை வைத்து இந்தத் துறைப் புத்தகத்தை எடைபோட முடியாது என்பது என் கருத்து. பேப்பரும் பேனாவும் கால்குலேட்டரும் எடுத்து அந்தப் புத்தகத்தின் கணக்கை நாமே போட்டுப் பார்த்தால்தான் அதன் தரம் தெரியும்.

இந்தப் பாடத்தில் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இரண்டு வேறு வேர்களில் இருந்து வந்த பாடங்களை ஒரே அட்டைக்குள் வைப்பதுதான் முதல் காரணம். நியூரல் நெட்வொர்க்கின் கதை 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் எழுதிய கட்டுரையில் தொடங்கி, 1958-இல் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் (கற்றுக்கொள்ளும் எளிய நியூரான் மாதிரி) வழியாக வருகிறது. ஃபஸி லாஜிக் 1965-இல் பெர்க்லியில் இருந்த லொட்ஃபி ஸாடே எழுதிய கட்டுரையில் பிறந்தது. முன்னது மூளையையும் கற்றலையும் பற்றி யோசித்தவர்களின் வேலை. பின்னது கணக் கோட்பாட்டையும் (செட் தியரி) கட்டுப்பாட்டுப் பொறியியலையும் சேர்ந்தது. 1980-களின் கடைசியிலும் 90-களிலும் இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் பெருகின. 1993-இல் ஜாங் முன்வைத்த 'அன்ஃபிஸ்' அவற்றில் பெயர்பெற்றது. அதற்குப் பிறகு சிலபஸிலும் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

இரண்டிலும் ஒரே அளவு ஆழம் உள்ள ஆசிரியர் அரிது. ஒன்றை நன்றாக எழுதிவிட்டு மற்றதை வேறெங்கிருந்தோ எடுத்து நிரப்புவது நடக்கிறது. அதனால் ஒரு புத்தகத்தின் பாதியைப் பார்த்து முழுப் புத்தகத்துக்கும் மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு பாதியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும். முன்னுரையை விட்டுவிடுங்கள். பொருளடக்கத்தையும் விட்டுவிடுங்கள், சிலபஸைப் பார்த்து எழுதிய பொருளடக்கம் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நேராக நான்கு இடங்களைத் திறங்கள்: எக்ஸார் (இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் 1 தருவது) கணக்கு வரும் பக்கம், பேக்ப்ராபகேஷனுக்கு (பிழையைப் பார்த்து நெட்வொர்க்கின் எண்களைப் பின்னோக்கித் திருத்திக் கற்பிக்கும் முறை) எண்கள் போட்டுச் செய்த உதாரணம், ஃபஸி கணங்களின் பண்புகளைச் சொல்லும் பக்கம், டிஃபஸிஃபிகேஷன் (ஃபஸி விடையை ஒரே எண்ணாக மாற்றுவது) கணக்கு. இந்த நான்கிலும் ஆசிரியர் தானே கணக்குப் போட்டாரா, இன்னொருவர் போட்டதை அப்படியே எடுத்து வைத்தாரா என்பது தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எக்ஸார் பக்கத்தில் என்ன பார்ப்பது?

எக்ஸாருக்கு நான்கு புள்ளிகள். (0,1), (1,0) இரண்டுக்கும் விடை 1. (0,0), (1,1) இரண்டுக்கும் விடை 0. ஒற்றை அடுக்கு பெர்செப்ட்ரானால் இதைச் செய்ய முடியாது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். சாதாரணப் புத்தகம் நான்கு புள்ளிகளை வரைந்து, 'ஒரே கோட்டால் பிரிக்க இயலாது என்பதைப் படத்தில் காணலாம்' என்று அடுத்த பத்திக்குப் போய்விடும். நல்ல புத்தகம் அதை நிறுவிக் காட்டும். நிறுவுவதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. வெயிட்டுகளை (உள்ளீடுகளைப் பெருக்கும் எண்களை) அ, ஆ என்றும் பயஸை (அதோடு கூட்டும் எண்ணை) ப என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு மேலே போனால் விடை 1, இல்லையென்றால் 0.

(0,0)-க்கு: ப ≤ 0
(0,1)-க்கு: ஆ + ப > 0
(1,0)-க்கு: அ + ப > 0
(1,1)-க்கு: அ + ஆ + ப ≤ 0

நடுவில் உள்ள இரண்டையும் கூட்டினால் அ + ஆ + 2ப > 0. அதாவது அ + ஆ + ப > −ப. முதல் வரிப்படி −ப பூஜ்யமோ அதற்கு மேலோதான். ஆகவே அ + ஆ + ப பூஜ்யத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். நான்காவது வரி அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. எந்த வெயிட் போட்டாலும் இந்த நான்கும் ஒன்றாக நிறைவேறாது.

இவ்வளவுதான் நிறுவல். ஒரு மாணவர் இதை ஒருமுறை தன் கையால் எழுதிவிட்டால், மறை அடுக்கு (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே வைக்கும் அடுக்கு) எதற்கு என்ற கேள்வி அவருக்குத் தானாகவே வரும். இதற்கு அரைப் பக்கம் ஒதுக்காத ஆசிரியர், பின்னால் வரும் கடினமான இடங்களில் நமக்காக நின்று விளக்குவார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

பேக்ப்ராபகேஷன் உதாரணம் சரியா தப்பா என்று, பாடமே தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்ன உண்மை போதும்: வெயிட்டை ஒருமுறை மாற்றிய பிறகு, அதே உள்ளீட்டை மறுபடி கொடுத்தால் பிழை குறைய வேண்டும். கற்றல் வேகம் (ஒருமுறையில் வெயிட்டை எவ்வளவு மாற்றுவது என்ற அளவு) அளவுக்கு மீறிப் பெரிதாக இல்லாதவரை இது நடந்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு நியூரானை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீடு 1, வெயிட் 0.5, பயஸ் கிடையாது, சிக்மாய்ட் சார்பு (எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் நடுவே கொண்டுவரும் வளைவு), வர வேண்டிய விடை 1, கற்றல் வேகம் 1. வெளியீடு 0.6225. பிழை 0.3775. சிக்மாய்டின் டெரிவேட்டிவ் (சாய்வு) 0.6225 × 0.3775 = 0.2350. இதைப் பிழையால் பெருக்கினால் 0.0887. அதைப் பழைய வெயிட்டோடு கூட்டினால் புதிய வெயிட் 0.5887. இத்தோடு நிறுத்தாமல் இன்னொரு முறை முன்னோக்கிப் போய்ப் பாருங்கள்: வெளியீடு 0.6431, பிழை 0.3569. குறைந்திருக்கிறது. கணக்கு சரி.

இதே இடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் குறி அச்சாகியிருந்தால் புதிய வெயிட் 0.4113 ஆகும். வெளியீடு 0.6014 என்று இறங்கிவிடும். பிழை கூடுகிறது, உடனே மாட்டிக்கொள்ளும். குறி மாறிப்போவது இந்தப் பாடத்தின் அச்சுப் பிழைகளில் மிகச் சாதாரணமானது. 'விடை கழித்தல் இலக்கு', 'இலக்கு கழித்தல் விடை' என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாற்றி எழுதுவதால் வரும் வினை அது.

ஆகவே உதாரணத்தின் கடைசி வரியைப் பாருங்கள். புதிய வெயிட்டுகளை எழுதியதோடு முடித்துவிட்டாரா, மறுபடி முன்னோக்கிப் போட்டுப் பிழை குறைந்ததைக் காட்டினாரா? காட்டியிருந்தால் அந்தப் புத்தகத்துக்கு என்னிடம் நல்ல மதிப்பெண். இன்னொன்றும் பாருங்கள்: மறை அடுக்கின் வெயிட்டுகளையெல்லாம் ஒரே எண்ணில் தொடங்குகிறாரா? அப்படித் தொடங்கினால் மறை அடுக்கில் உள்ள நியூரான்கள் எல்லாம் ஒன்றுபோலவே மாறிக்கொண்டு போகும்; எத்தனை வைத்தாலும் ஒன்று வைத்ததற்குச் சமம். தொடக்க வெயிட்டுகள் ஏன் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியாவது சொல்லாத புத்தகம் மாணவரை ஆய்வகத்தில் திண்டாட விடும்.

பைபோலார் சிக்மாய்டும் டேன்-ஹெச்சும் ஒன்றா? ஒரு புத்தகத்தில் டெரிவேட்டிவில் அரை வருகிறது, இன்னொன்றில் வரவில்லையே?

அடிக்கடி வரும் குழப்பம் இது. பல புத்தகங்களைக் காட்டிக்கொடுப்பதும் இதே இடம்தான். இரண்டு சார்புகளும் −1-க்கும் +1-க்கும் நடுவே போகின்றன. படத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் வேகம் வேறு. உள்ளீடு 0.1 கொடுத்தால் டேன்-ஹெச் 0.0997 தரும், வழக்கமான பைபோலார் சிக்மாய்ட் 0.04996 தரும். அதாவது பூஜ்யத்தில் ஒன்றின் சாய்வு 1, மற்றதின் சாய்வு 0.5. ஆகவே முன்னதன் டெரிவேட்டிவ் 'ஒன்று கழித்தல் வெளியீட்டின் வர்க்கம்'. பின்னதற்கு அதில் பாதி.

ஒரு சார்பின் வாய்பாட்டை அச்சிட்டு, மற்றதின் டெரிவேட்டிவை அதற்குக் கீழே போடும் புத்தகங்கள் உண்டு. அதை நம்பிக் கணக்குப் போட்டால் வெயிட் மாற்றம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ வரும். பிழை அப்போதும் குறையும் என்பதால் மேலே சொன்ன சோதனையில் இது சிக்காது. கால்குலேட்டரில் 0.1 போட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஃபஸி பகுதியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மெம்பர்ஷிப் மதிப்பையும் (ஒன்று ஒரு கணத்தில் எவ்வளவு சேரும் என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) நிகழ்தகவையும் அந்த ஆசிரியர் எப்படிப் பிரித்துக் காட்டுகிறார் என்பதை. நான் வகுப்பில் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான மழையை வைத்துச் சொல்வேன். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 64.4 பெய்தால் மிதமான மழை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் பெயர் மாறுகிறது. எச்சரிக்கை விட ஒரு கோடு தேவை, அதனால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான். ஆனால் வேளச்சேரியில் வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நிற்பவருக்கு 64.4-க்கும் 64.5-க்கும் ஒரு வேறுபாடும் இல்லை.

இதையே ஃபஸி கணமாக வைப்போம்: 40 மி.மீ. வரை மெம்பர்ஷிப் 0, 90-இல் 1, நடுவில் நேர்கோடு. அப்போது 64.4-க்கு 0.488, 64.5-க்கு 0.490. திடீர்த் தாவல் போய்விட்டது. 75 மி.மீ. பெய்தால் 0.7.

இப்போது இரண்டு வாக்கியங்கள். 'நாளை கனமழை பெய்ய வாய்ப்பு 0.7.' 'இன்று பெய்த 75 மி.மீ. கனமழை என்ற கணத்தில் 0.7 அளவுக்குச் சேரும்.' முதலாவதில் என்ன நடக்கும் என்று தெரியாது. நாளை முடிந்ததும் அந்த 0.7-க்கு வேலை இல்லை, பெய்தது அல்லது பெய்யவில்லை. இரண்டாவதில் மழை பெய்து முடிந்து அளந்தும் ஆகிவிட்டது. தெரியாதது எதுவும் இல்லை, ஆனாலும் 0.7 அப்படியே நிற்கிறது. இந்த வேறுபாட்டைத் தன் சொந்த உதாரணத்தால் விளக்க முடிந்த ஆசிரியருக்குப் பாடம் கைவசம் இருக்கிறது என்று அர்த்தம். 'இரண்டும் 0-க்கும் 1-க்கும் இடையே இருப்பதால் ஒத்தவை' என்று எழுதியிருந்தால் அந்தப் பகுதியை மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

ஃபஸி கணங்களின் பண்புகள் என்ற பட்டியல் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுதானே?

ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சாதாரணக் கணங்களுக்கு உள்ள பண்புகளை அப்படியே எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றிய பட்டியல்கள் உண்டு. அதில் 'ஒரு கணமும் அதன் நிரப்பியும் சேர்ந்தால் முழுமை' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வழக்கமான 'மேக்ஸ்', 'மின்' (பெரியதை எடு, சிறியதை எடு) விதிகளின்படி இது ஃபஸி கணங்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன 75 மி.மீ. மழையையே எடுத்துக்கொள்ளுங்கள்: கனமழை 0.7, கனமழை அல்லாதது 0.3. இரண்டின் சேர்ப்பு என்றால் பெரியது, 0.7. அது 1 இல்லை. வெட்டு என்றால் சிறியது, 0.3. அது 0 இல்லை. ஃபஸி லாஜிக்கின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த இரண்டு விதிகளும் உடைகின்றன என்று நின்று சொல்லிவிட்டு நகரும் புத்தகம் வேண்டும்.

டிஃபஸிஃபிகேஷனுக்கு?

ஒரே வெளியீட்டுக்கு இரண்டு முறையில் கணக்குப் போட்டு, விடை ஏன் வேறுபடுகிறது என்று சொல்கிறாரா பாருங்கள். விசிறி வேகம் 0, 20, 40, 60, 80, 100. மெம்பர்ஷிப் முறையே 0, 0.3, 0.3, 0.6, 0.6, 0.6 என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ராய்ட் முறையில், வேகத்தை மெம்பர்ஷிப்பால் பெருக்கிக் கூட்டிய 162-ஐ, மெம்பர்ஷிப்களின் கூட்டுத்தொகையான 2.4-ஆல் வகுத்தால் 67.5. உச்சங்களின் சராசரி எடுத்தால் 80. இரண்டுமே தப்பில்லை. ஆனால் நிஜ விசிறி ஒன்றில் சூழல் மெல்ல மாறும்போது முதல் முறையின் விடையும் மெல்ல மாறும். இரண்டாவது சில சமயம் சட்டென்று தாவும். அதைச் சொல்லாமல் ஏழு முறைகளின் பெயர்களை மட்டும் வரிசையாக அடுக்கினால் பரீட்சையின் இரண்டு மார்க் பகுதியான பார்ட் ஏ-க்கு உதவும், வேறு எதற்கும் உதவாது.

விதிகளின் எண்ணிக்கை பற்றிப் புத்தகம் பேச வேண்டுமா?

கட்டாயம். உதாரணங்கள் பெரும்பாலும் இரண்டு உள்ளீடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை என்று 25 விதிகளில் ('வெப்பம் அதிகம் என்றால் விசிறி வேகம் அதிகம்' போன்றவை) முடிந்துவிடும். உள்ளீடு நான்கானால் 625. ஐந்தானால் 3125. எவரும் உட்கார்ந்து எழுதி முடிக்க முடியாது. இந்தக் கட்டத்தில்தான் தரவிலிருந்து விதிகளைக் கற்கும் முறைகள் வருகின்றன, நியூரல் நெட்வொர்க்கோடு சேரும் தேவையும் வருகிறது. இதைச் சொன்னால்தான் இரண்டு பாடங்கள் ஏன் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன என்பதே புரியும்.

வரலாற்றுப் பகுதியைத் தள்ளிவிடலாம்தானே? பரீட்சைக்கு வராது.

பரீட்சைக்கு வராவிட்டாலும் ஆசிரியரின் கவனத்தை அளக்க அது நல்ல இடம். '1969-இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் நியூரல் நெட்வொர்க்கால் எக்ஸார் செய்ய முடியாது என்று நிரூபித்தார்கள்' என்று இருந்தால் பாதி உண்மைதான். அவர்கள் காட்டியது ஒற்றை அடுக்கு பெர்செப்ட்ரானின் எல்லைகளை. பல அடுக்கு இருந்தால் எக்ஸார் வரும் என்பது அப்போதே தெரிந்ததுதான். அதைப் பயிற்றுவிக்க நல்ல வழிதான் பரவலாகக் கைவசம் இல்லை. அதேபோல் 'பேக்ப்ராபகேஷன் 1986-இல் கண்டுபிடிக்கப்பட்டது' என்பதும். அந்த ஆண்டு ருமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை அதைப் பரவலாக்கியது. வெர்போஸ் தன் 1974 ஆய்வேட்டிலேயே அந்த வழியைச் சொல்லியிருந்தார்.

ஃபஸி பக்கத்தில் மம்தானியின் நீராவி எஞ்சின் சோதனையும் (1970-களின் நடுவே, லண்டன்) 1987-இல் ஓடத் தொடங்கிய செண்டாய் சுரங்க ரயிலும் வந்தால் நல்லது. எதை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்று ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். பெயரை மட்டும் சொல்லிப் போவதில் பயனில்லை.

ஹாப்ஃபீல்ட் நெட்வொர்க் அத்தியாயத்தை எப்படிச் சோதிப்பது?

வடிவங்களைச் சேமித்து வைத்து நினைவுகூரும் நெட்வொர்க் இது. எத்தனை வடிவங்களைச் சேமிக்க முடியும் என்று இருக்கிறதா பாருங்கள். நியூரான்களின் எண்ணிக்கையில் சுமார் 0.138 பங்கு, நூறு நியூரானுக்குப் பதினான்கு வடிவம்கூடத் தேறாது. அதைத் தாண்டினால் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1982-இல் இதை முன்வைத்த ஹாப்ஃபீல்டுக்கு, ஹின்டனோடு சேர்த்து 2024-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதன் பிறகு மாணவர்கள் இந்த அத்தியாயத்தை ஆர்வமாகப் படிக்கிறார்கள். மூன்று நியூரான் வைத்து ஒரு கணக்குப் போட்டுவிட்டு எல்லையைச் சொல்லாமல் விட்டால் அந்த ஆர்வம் வீணாகும்.

இதே அளவுகோல் புத்தகம் முழுவதற்கும் பொருந்தும்: ஒவ்வொரு முறையும் எங்கே தோற்கும் என்று சொல்கிறாரா? 'மறை அடுக்கு ஒன்று இருந்தால் எந்தச் சார்பையும் நெட்வொர்க் கற்றுக்கொள்ளும்' என்று எழுதுவது எளிது. 1989-இல் சைபென்கோவும் வேறு சிலரும் நிறுவியது, தொடர்ச்சியான சார்பு எதையும் வேண்டிய அளவு நெருங்கக்கூடிய நெட்வொர்க் ஒன்று இருக்கிறது என்பதை. அதைப் பயிற்சியால் அடைந்துவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இருப்பதும் கிடைப்பதும் வேறு வேறு.

லோக்கல் ஆத்தர் புக் படித்தாலே பாஸ் ஆகிவிடலாமே? எதற்கு இவ்வளவு பாடு?

பாஸ் ஆகலாம். நான் மறுக்கவில்லை. யூனிட் வாரியாக, பழைய கேள்வித்தாளில் வந்த இரண்டு மார்க் கேள்விகளோடு, பதின்மூன்று மார்க் விடை எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளத்தில் எழுதியிருப்பார்கள். அரியர் வைத்துவிட்டு நவம்பர் பரீட்சைக்கு இரண்டு வாரம் மீதம் இருப்பவரிடம் போய் எண்ணூறு பக்கப் புத்தகத்தைப் படி என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. இந்தப் புத்தகங்களில் சில, உதாரணக் கணக்கை இன்னொரு புத்தகத்திலிருந்து எண் மாறாமல் எடுத்துக்கொள்கின்றன. மூலத்தில் ஒரு தசமப் புள்ளி தவறாக அச்சாகியிருந்தால் அதுவும் கூடவே வரும். இரண்டு புத்தகத்தில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இருவரில் ஒருவராவது கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பிழையை மனப்பாடம் செய்த மாணவர் பிராஜெக்ட் வைவாவில் 'இந்த எண் எப்படி வந்தது?' என்று கேட்டதும் வாயடைத்து நிற்பார். அவர் மேல் குற்றமில்லை. பணம் கொடுத்து வாங்கிய புத்தகம் அவரைக் கைவிட்டுவிட்டது. உழைத்து எழுதப்பட்ட உள்ளூர்ப் புத்தகங்களும் உண்டு. மேலே சொன்ன நான்கு பக்கச் சோதனை அவற்றையும் அடையாளம் காட்டும்.

1990-களில் வந்த புத்தகம் இப்போது செல்லுமா?

ஃபஸி பகுதிக்கு தாராளமாகச் செல்லும். அடிப்படை மாறவில்லை. நியூரல் பகுதியில் பெர்செப்ட்ரான், டெல்டா விதி, பேக்ப்ராபகேஷன், ஹாப்ஃபீல்ட், கோஹோனென் எல்லாம் அப்படியேதான். பழையதாகிப்போனது ஆழமான (பல அடுக்கு உள்ள) நெட்வொர்க் பற்றிய பகுதி. சிக்மாய்டின் டெரிவேட்டிவ் அதிகபட்சம் 0.25. பத்து அடுக்கு என்றால் 0.25-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். வெயிட்டுகள் அதை ஈடுகட்டாவிட்டால் கீழ் அடுக்குகளுக்குத் திருத்தம் போய்ச் சேரவே சேராது. ரெலு (பூஜ்யத்துக்குக் கீழே 0, மேலே உள்ளீடு அப்படியே) போன்ற சார்புகள் பரவியதற்கு முக்கியக் காரணம் இதுதான். 2012-க்குப் பிறகு ஆழ்கற்றலில் நடந்த மாற்றங்களுக்குத் தனிப் புத்தகம் வேண்டும். பழையதன் கடைசியில் ஒரு அத்தியாயத்தை ஒட்டி 'புதிய பதிப்பு' என்று விற்பதில் ஏமாறாதீர்கள். பழைய அத்தியாயங்களில் ஏதாவது திருத்தப்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

புரோகிராம் கொடுத்திருக்கும் புத்தகம் நல்லதா?

புரோகிராம் கோடுக்காகப் புத்தகம் வாங்க வேண்டாம். சீக்கிரம் காலாவதியாகும் பகுதி அதுதான். 2019-இல் டென்சர்ஃப்ளோ 2 (நெட்வொர்க் எழுத உதவும் மென்பொருள் நூலகம்) வந்ததும் அதற்கு முன் அச்சான உதாரணங்களில் பல ஓடாமல் போயின. இப்படிப்பட்ட நூலகங்களை அழைக்காமல், வெறும் அணிப் பெருக்கலாக எழுதிய சின்ன புரோகிராம் இருந்தால் அது நிற்கும்.

சரி, பெயர் சொல்லுங்கள். எதைப் படிக்கலாம்?

நியூரல் நெட்வொர்க்குக்கு, ஐஐடி மெட்ராஸில் நீண்ட காலம் பணியாற்றிய பேராசிரியர் பி. யெக்ஞநாராயணா 1999-இல் எழுதிய புத்தகத்தை முதலில் சொல்வேன். நியூரானின் நிலை மாறுவதையும் வெயிட் மாறுவதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பேசுவார். அந்தத் தெளிவு வேறு பல புத்தகங்களில் இல்லை. முதல் வாசிப்பில் கொஞ்சம் கனமாக இருக்கும், பொறுமை வேண்டும். கணக்குப் போட்டுப் பழக ஹேகன், டெமுத், பீல் மூவரின் புத்தகம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் தீர்த்துக் காட்டிய கணக்குகள் உண்டு, ஆசிரியர்களே அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். கையில் காசு இல்லாத மாணவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஃபஸிக்கு, கோட்பாடு வேண்டுமென்றால் கிளிர், யுவான் (1995). பொறியியல் உதாரணங்கள் வேண்டுமென்றால் டிமோத்தி ராஸ். ஆழ்கற்றலுக்கு குட்ஃபெலோ, பெஞ்சியோ, கூர்வில் (2016). இணையத்தில் முழுதாகப் படிக்கலாம், ஆனால் நேர்கோட்டு இயற்கணிதம் கைவசம் இல்லாமல் தொட வேண்டாம். நியூரல் நெட்வொர்க் பற்றிய ஹேகின் புத்தகம் வாங்குவோர் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாம் பதிப்பில் புத்தகத்தின் பெயரே மாறிவிட்டது, அத்தியாய வரிசையும் முன்போல இல்லை.

வாங்கும் முன் சென்னையில் எங்கே புரட்டிப் பார்க்கலாம்?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நான்கைந்து புத்தகங்களை ஒரே மேசையில் விரித்து ஒப்பிட அதைவிட வசதியான இடம் ஊரில் இல்லை. நோட்டும் கால்குலேட்டரும் மறக்காமல் கொண்டுபோங்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. கடையில் கிடைக்காத பழைய பதிப்பு வேண்டுமானால் அங்கே தேடிப் பார்க்கலாம். பழைய புத்தகம் வாங்க சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை (இப்போது பாரதி சாலை). அங்கே வாங்கும்போது ஒரு யோசனை: ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுத் திருத்தியிருக்கும் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். முன்னால் படித்தவர் பாதிச் சோதனையை முடித்து வைத்திருப்பார்.

நான் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். டெக்ஸ்ட் புக் என்று எதைப் போடுவது? ஹெச்.ஓ.டி. ஒரு புத்தகத்தைச் சொல்கிறார், எனக்கு அதில் திருப்தி இல்லை.

ஹெச்.ஓ.டி.யிடம் 'இந்தப் புத்தகம் சரியில்லை சார்' என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பக்க எண்ணைக் காட்டி, கணக்கைப் போட்டு எடுத்துப் போங்கள். 'சார், இந்த உதாரணத்தில் வெயிட் மாற்றிய பிறகு பிழை கூடுகிறது, பாருங்கள்' என்று சொன்னால் மறுக்க முடியாது. பல்கலைக்கழகம் நிர்ணயித்த பட்டியலை மாற்றுவது உங்கள் கையில் இல்லாவிட்டாலும், வகுப்பில் எந்தப் புத்தகத்தின் கணக்கைப் போடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் வாரமே திருத்தப் பட்டியல் ஒன்றை, பக்கம், வரி, சரியான எண் என்று ஒரே தாளில் தட்டச்சு செய்து வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பேட்ச் அதில் இன்னும் சேர்க்கும்.

புத்தகத்தில் பிழை கண்டால் யாரிடம் சொல்வது?

முதலில் பதிப்பகத்தின் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் பதிப்பகத்துக்கும் ஆசிரியருக்கும் எழுதுங்கள். பதிப்பு, அச்சான ஆண்டு, பக்கம், சமன்பாட்டு எண், அச்சில் உள்ளது, இருக்க வேண்டியது, நீங்கள் போட்ட கணக்கு: இவ்வளவும் அந்த மெயிலில் இருக்கட்டும். அச்சான ஆண்டை விட்டுவிடாதீர்கள், ஒரே பதிப்பின் வெவ்வேறு அச்சுகளில் சில பிழைகள் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும்.